கல் இல்லாத ஊரில் ஊறுகாய்க்கு ஒரு பாரம்

ஹாத்திமின் வீட்டில் வருடத்துக்கு ஒரு நாள் ஒரு பழைய பட்டாளத்துக் கோட்டு தகரப் பெட்டியிலிருந்து வெளியே வரும். அது மகன் கைஸ் இறந்த நாள். மனைவி பத்ரியா அதைக் கூடத்துச் சுவரில் ஆணியில் மாட்டுவாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். ஹாத்திம் அதற்கு எதிரே உட்கார்ந்து தேநீர் குடிப்பார். மாலைத் தொழுகை முடிந்ததும் அவளே அதை எடுத்து, அதன் கைகளை மடித்து, பெட்டியில் வைத்துப் பூட்டுவாள். பதின்மூன்று வருடம் இப்படி நடந்தது. ஹாத்திம் ஒரு முறைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை.

பஸ்ராவிலிருந்து ஸுபைர் போகும் சாலையோரத்தில் வீடு. ஹாத்திம் லோபெட் லாரி ஓட்டுகிறவர். டாங்கிகளைத் தூக்கிச் செல்லும் நீள வண்டி. ஈரான் சண்டையின்போது பட்டாளம் அவரைப் பிடித்துக்கொண்டுபோய் அந்த இருக்கையில் உட்கார வைத்தது. பிறகு எழுந்திருக்க விடவில்லை. தொண்ணூறாம் ஆண்டு ஆகஸ்டில் தெற்கே எல்லை தாண்டி டாங்கிகளை இறக்கிவிட்டு வந்தார். அடுத்த வருடம் மார்ச்சில் அதே டாங்கிகளை எடுத்துவரச் சொல்லி உத்தரவு வந்தது. இப்போது அவை சாலையோரம் கருகிக் கிடந்தன. சிலவற்றை அடையாளம் தெரிந்ததாகச் சொல்வார். ஒன்றின் பின்பக்கத்தில் அவரே சங்கிலி உரசிப் போட்ட கீறல் இருந்தது.

"நல்லபடியா கொண்டுபோய் விட்டேன். பத்திரமா திருப்பிக் கொடுக்கத் தெரியல அவனுங்களுக்கு" என்பார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார்.

கருகிய டாங்கிகளில் பெரிய ஓட்டை எதுவும் இருக்காது. ஒரு பக்கம் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு வட்டமாக ஒன்று. உள்ளே எல்லாம் சாம்பல். சங்கிலி கட்ட உள்ளே இறங்கினால் கருப்புத் தூள் முட்டிவரை ஒட்டும். அதோடுதான் வீட்டுக்கு வருவார். வாசலிலேயே கைஸ் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வான். அப்போது அவனுக்கு ஐந்து வயது. அவர் தூக்கி அந்தப் பட்டாளத்துக் கோட்டுக்குள் வைத்துப் பொத்திக்கொண்டு உள்ளே வருவார். "குளிச்சிட்டுத் தூக்குங்க, அபூ கைஸ், குளிச்சிட்டுத் தூக்குங்க" என்று பத்ரியா கத்துவாள். பிள்ளையின் பெயரோடு அப்பாவை அபூ என்றும் அம்மாவை உம் என்றும் கூப்பிடுவது அங்கே வழக்கம். கத்துவது அழுக்குக்காகத்தான். வேறு எதுவும் அப்போது யாருக்கும் தெரியாது.

அந்தச் சமயத்தில் ஒரு டாங்கியின் அடியில், மணலில், ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கருப்பு உலோகத் துண்டு கிடைத்தது. ஒரு முனை உடைந்திருந்தது. கையில் எடுத்தவர் அசந்துபோனார். அந்த அளவுக்கு அந்தக் கனம் பொருந்தவே இல்லை. அடுப்பு ஊதும் குழாய் மாதிரி இருந்ததை இரண்டு கையால் தூக்க வேண்டியிருந்தது என்று கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்வார். காயலான் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரன் காந்தத்தை வைத்துப் பார்த்தான். ஒட்டவில்லை. அரம் வைத்து இழுத்தான். பொறி பறந்தது.

"இரும்பு இல்ல, செம்பு இல்ல, ஈயமும் இல்ல. எந்தக் குவியல்ல போடறது இத? எடுத்துட்டுப் போ, ஹாத்திம். உன்ன மாதிரியேதான் இதுவும். கனம் மட்டும் இருக்கு, விலை இல்ல."

தராசில் வைத்தது வைத்ததுதான் என்று எடையை மட்டும் பார்த்துக்கொண்டார். ஒன்றே முக்கால் கிலோ. வீட்டுக்கு வந்து பத்ரியாவிடம் கொடுத்தார்.

அவளுக்கு அது கொடையாக இருந்தது. பஸ்ராவில் கல் கிடையாது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் தரையெல்லாம். எவ்வளவு தோண்டினாலும் சேறு. டர்னிப் கிழங்கைப் பேரீச்சங்காடியில், அதாவது பேரீச்சம்பழ வினிகரில், ஊறப்போடும்போது மேலே மிதந்துவராமல் அழுத்திவைக்க ஒரு பாரம் வேண்டும். செங்கல் வைத்தால் காடியில் கரைந்து மண்ணாகும். இரும்பு வைத்தால் துரு இறங்கி ஊறுகாய் கறுக்கும். வசதிக்காரர்கள் வடக்கே மோசுல் பக்கம் போகிறவர்களிடம் ஆற்றுக் கல் கேட்டு வாங்கி வைத்திருப்பார்கள். பத்ரியாவிடம் அதுவரை ஒரு செங்கல்தான். இந்தத் துண்டை வெள்ளைத் துணியில் சுற்றிப் பானைக்குள் இறக்கினாள். கிழங்கு அசையாமல் அடங்கியது.

"கல்யாணம் ஆகி பத்து வருஷத்துல உருப்படியா ஒண்ணு கொண்டாந்திருக்காரு" என்று பக்கத்து வீட்டு உம் ஸபாவிடம் சொன்னாள். வீட்டில் அதற்குக் கல் என்றே பெயர் வந்துவிட்டது.

சுற்றிய துணி ஒவ்வொரு பருவத்திலும் மஞ்சளாகி வெளியே வரும். காடியில் மஞ்சள் தூள் போடுவார்கள். அதனால் யாரும் எதுவும் நினைக்கவில்லை. பொருளாதாரத் தடை இருந்த வருடங்களில் இறைச்சி கிடையாது. ரேஷன் அரிசியோடு ஊறுகாய்தான். கைஸுக்குக் கிழங்கைவிட அந்தத் தண்ணீர் பிடிக்கும். பள்ளிவிட்டு வந்ததும் தேநீர்க் கிளாஸை நீட்டுவான். பத்ரியா அகப்பையால் ஊற்றித் தருவாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டு உடம்பை உதறுவான். அவனுக்கு மூன்று வயது மூத்த அக்கா ரபாப் புளிப்பைத் தொட மாட்டாள். நாக்கில் புண் வரும். "இவ பஸ்ராக்காரியே இல்ல, பாக்தாத்ல மாத்திக் கொடுத்துட்டானுங்க" என்று தம்பி கேலி செய்வான்.

பன்னிரண்டு வயதில் கைஸின் முகம் வீங்கியது. பிறகு கால். சிறுநீரகம் என்றார் மருத்துவர். சோதனைக்கு மருந்து இல்லை, இருந்தால் கருவி இல்லை. பதின்மூன்றாவது வயதில் இறந்தான்.

அதற்குள் ஊரில் தூசியைப் பற்றிய பேச்சு வந்திருந்தது. அந்த டாங்கிகளைத் துளைத்தது சாதாரண குண்டு அல்ல, யுரேனியம் என்றார்கள். அணு உலைக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சும் கழிவு; ஈயத்தைவிடக் கனம்; எஃகுக்குள் புகும்போதே பற்றி எரிந்து தூளாகிவிடும். பத்ரியா இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, கோட்டைத் தேடி எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். ஹாத்திம் அதை எரித்துவிடலாம் என்றார்.

"எரிக்கறதா? சாட்சியை எவனாவது எரிப்பானா?" என்றாள்.

*

2012 பிப்ரவரியில் ஹாத்திமின் கால் வீங்கியது. அறுபது வயது. ரத்தத்தில் கிரியாட்டினின் 7.4; ஒன்றைச் சுற்றியே இருக்க வேண்டும், ஏறினால் சிறுநீரகம் பழுது என்று பொருள். வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் என்றார்கள்.

ரபாப் அப்போது எண்ணெய் வயலில் வேலை பார்த்தாள். எண்ணெய் வரும் குழாய்களின் உட்புறத்தில் படியும் உப்பில் மண்ணின் கதிர்வீச்சு சேரும். பழைய குழாய்களைக் கழற்றும்போது கருவி வைத்து அளந்து, எண் எழுதி, கையெழுத்துப் போடுவது அவள் வேலை. அளக்காமல் எழுதியதில்லை. அளந்ததை மாற்றி எழுதியதும் இல்லை. மேற்பார்வையாளர் ஒரு முறை ஒரு பூஜ்யத்தைக் குறைக்கச் சொன்னார். அவள் பேனாவை அவரிடம் நீட்டி, "நீங்களே குறைச்சு நீங்களே கையெழுத்து போடுங்க" என்றாள். அவர் பேனாவைத் தொடவில்லை.

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை கருவியைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அம்மாவிடம் சாவி வாங்கிப் பெட்டியைத் திறந்தாள். கோட்டைத் தரையில் விரித்தாள்.

"பாபா, என்ன பண்ற?" ஹாத்திம் திண்டில் சாய்ந்திருந்தார். அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பாபா என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"அளக்கறேன்."

"புதுசா தைக்கப் போறியா? கை கொஞ்சம் நீளமா வை."

"சும்மா இருங்க பாபா."

கருவியின் முகத்தைத் துணியிலிருந்து ஒரு விரல் உயரத்தில் பிடித்து மெல்ல நகர்த்தினாள். கழுத்து, மார்பு, கைகள், பைகளின் உள்பக்கம், தையல் மடிப்புகள். நிமிடத்துக்கு ஐம்பது எண்ணிக்கை. வெறும் காற்றிலும் அவ்வளவுதான் இருக்கும். கோட்டில் ஒன்றும் இல்லை.

"என்ன சொல்லுது?" பத்ரியா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"சரியாப் பாக்கணும் யும்மா. நாளைக்கும் பாக்கறேன்." கருவியை அணைக்காமல் கையில் பிடித்தபடியே தேநீர் எடுக்கச் சமையலறைக்குப் போனாள்.

ஜன்னல் கட்டையில் தேநீர்க் கிளாஸ்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் கல் காய்ந்துகொண்டிருந்தது. குளிர்காலத்துப் பானை காலியானதும் பத்ரியா கழுவி வைத்திருந்தாள். கிளாஸை எடுக்கக் கை நீட்டியபோது கருவி இரைந்தது. தனித்தனிச் சத்தமாக இல்லை. ஒரே இரைச்சல். முள் கடைசிவரை போய் நின்றது. அளவை மாற்றினாள். நாற்பதாயிரம்.

"ஏன் அது கத்துது?" பத்ரியா பின்னால் வந்தாள்.

"பேட்டரி தீந்துபோச்சு." அணைத்தாள். இரண்டாவது அழுத்தலில்தான் அணைந்தது. "இது எத்தனை வருஷமா இருக்கு, யும்மா?"

"எது, கல்லா? நீ மூக்கு ஒழுகிட்டுத் திரிஞ்ச காலத்துலருந்து இருக்கு. அதுல என்ன இப்ப?"

ரபாப் திரும்பினாள். சமையலறை வாசலில் ஹாத்திம் நின்றிருந்தார். யாரும் தாங்காமல் எழுந்து வந்திருந்தார். கல்லைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். தண்ணீர் வேண்டும் என்றார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று மருத்துவர் அளந்து கொடுத்த தண்ணீரை அன்று காலையே அவர் குடித்து முடித்திருந்தார்.

ஞாயிறன்று ஆய்வறையின் தராசில் வைத்தாள். 1.61 கிலோ. காயலான் கடையில் 1.75. நூற்று நாற்பது கிராம் குறைவு. யுரேனியம் காடியில் மெல்லக் கரையும். மஞ்சளாகக் கரையும். உடம்புக்குள் போனால் கதிர்வீச்சுக்கு முன்னால் அது நஞ்சாகவே வேலை செய்யும், அதுவும் சிறுநீரகத்தில். இதை அவள் கல்லூரியில் படித்திருந்தாள். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தாள்.

கல்லை எங்கே வைப்பது? சுற்றுச்சூழல் அலுவலகம் மனுவை வாங்கிக்கொண்டு கல்லைத் திருப்பித் தந்தது. பட்டாளத்து முகாமில் கதவையே திறக்கவில்லை. கடைசியில் கம்பெனி முற்றத்தில், உப்புக் குழாய்களின் நடுவே, ஒரு பீப்பாயில் போட்டு மூடி, சீட்டு எழுதி, தன் கையெழுத்தைப் போட்டாள். பிறகு வீட்டுக்கு வந்து ஊறுகாய்ப் பானையைத் தூக்கி முற்றத்தில் போட்டு உடைத்தாள்.

"கை நழுவிடுச்சு யும்மா."

"எண்ணெய்க் கம்பெனியில கையெழுத்துப் போடற கை. ஒரு பானையப் பிடிக்கத் தெரியல. உன்ன எவன் கட்டுவான்?" பத்ரியா ஓடுகளைப் பொறுக்கினாள். "கல்லு எங்க?"

"கடன் வாங்கிட்டுப் போயிருக்கேன். ஆபீஸ்ல ஒரு வேலைக்கு."

"கல்லுக்கூடவா இல்ல உங்க ஆபீஸ்ல?"

பக்கத்து வீட்டு உம் ஸபா சத்தம் கேட்டுச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு குளிர்காலமும் இந்த வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் ஊறுகாய் அவளுக்குப் போகும். ரபாப் அவள் முகத்தைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கொஞ்சம் வீங்கியிருந்தது. தூக்கமாகவும் இருக்கலாம்.

*

எண் எவ்வளவு பெரிதானாலும் அது கல்லைப் பற்றித்தான் சொன்னது. அப்பாவின் உடம்பில் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. அதற்குச் சிறுநீரை வெளிநாட்டுச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஓர் இடத்தில் ஒத்துக்கொண்டார்கள். நூறு மில்லி போதும். டயாலிசிஸில் இருப்பவருக்கு நூறு மில்லி சேர இரண்டு நாள் ஆனது. பாட்டிலைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு விமானச் சரக்கு ஏஜெண்டிடம் போனாள்.

"உள்ள என்ன?"

"சிறுநீர். யுரேனியம் சோதனைக்கு."

அவன் பேனாவை மூடி வைத்தான். "அப்ப யுரேனியம் இருக்கா?"

"இருக்கான்னு பாக்கத்தான் அனுப்பறேன்."

"இருந்தா ஏத்த முடியாது தங்கச்சி. இல்லன்னு எழுதிக் கொடுங்க, ஏத்தறேன்."

"இல்லன்னு தெரிஞ்சா எதுக்கு அனுப்பறேன்?"

"அது உங்க கஷ்டம். கதிர்வீச்சுப் பொருளை நாடு தாண்டி அனுப்பணும்னா அனுமதி வேணும். அந்த நாட்டு அனுமதி, நம்ம நாட்டு அனுமதி, விமானக்காரன் அனுமதி."

"இங்க வந்ததுக்கு யாரு அனுமதி கொடுத்தாங்க?"

அவன் கெட்டவன் இல்லை. தேநீர் வரவழைத்தான். பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்தாள். நான்கு மாதம் வெவ்வேறு அலுவலகங்களுக்கு எழுதினாள். பாட்டில் குளிர்பெட்டியில் கலங்கிப்போனது.

ஆகஸ்டில் ஒரு நாள் மருத்துவமனையிலிருந்து அப்பாவைக் காரில் கூட்டிவந்தாள். வெயில் ஐம்பதைத் தொட்டது. அவர் முன்னிருக்கையில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டயாலிசிஸ் முடிந்தால் குளிரும்.

"கிளட்சை இப்படி மிதிச்சா அது உன்னச் சபிக்கும், பாபா."

"சபிக்கட்டும்."

"என் கல்லு எங்க?"

ரபாப் வண்டியைச் சாலையோரம் நிறுத்தினாள்.

"நாப்பது வருஷம் வண்டி ஓட்டினவன் நான். இருபது டயர்ல எதுல காத்து கம்மின்னு சத்தத்துலயே சொல்லுவேன். அன்னிக்கு உன் கருவி கோட்டு மேல கத்தல. கல்லு மேல கத்துச்சு. உங்கம்மாகிட்ட பேட்டரின்னு சொன்ன, சரி. எனக்குமா பேட்டரி?"

அவள் சொன்னாள். எடையைச் சொன்னாள். காடியைச் சொன்னாள். மஞ்சள் துணியைச் சொன்னாள். அறிக்கை வாசிப்பதுபோல் சொன்னாள். வேறு விதமாகச் சொல்ல வரவில்லை.

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். "அவன் எவ்வளவு குடிச்சிருப்பான்?"

"தெரியல."

"உத்தேசமா சொல்லு."

"குளிர்காலம் முழுக்க, நாளைக்கு ஒரு கிளாஸ். ஏழு வருஷம்."

"ஊத்திக் கொடுத்தவ அவ."

ரபாப் நழுவிய துண்டை அவர் தோளில் இழுத்துவிட்டாள்.

"கொண்டாந்தவன் நான். சரி. அதுதான்னு நிச்சயமா?"

"நிச்சயம் இல்ல. சோதிக்க வழியில்ல."

"அப்ப கோட்டாவும் இருக்கலாம்."

"கோட்டுல ஒண்ணும் இல்ல, பாபா. நீங்க பதிமூணு வருஷமா அதுக்கு முன்னால உக்காந்துட்டு இருக்கீங்க. அதுல ஒண்ணுமே இல்ல."

"இருக்குன்னு சொல்லு."

"எப்படிச் சொல்றது?"

"வாயாலதான். உங்கம்மாவுக்கு அது கோட்டாவே இருக்கட்டும். என் மேல இருந்தா திட்டறதுக்கு அவளுக்கு ஒரு ஆள் உண்டு. அவ மேலயே வந்துட்டா யாரைத் திட்டுவா?"

"நீங்க இருக்கற வரைக்கும் சரி."

"போனவனத் திட்டறது இன்னும் சுலபம். எதிர்த்துப் பேச மாட்டான். வண்டிய எடு. ரெண்டாவது கியர்ல எடுக்காத, திணறும்."

பதினோரு நாள் கழித்து இறந்தார்.

*

மூன்று நாள் துக்கம். ஆண்கள் தெருவில் கூடாரத்தில். பெண்கள் வீட்டுக்குள். மூன்றாம் நாள் ஒப்பாரி சொல்லும் பெண் ஓய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது பத்ரியா எழுந்து உள்ளே போனாள். தகரப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. கோட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து நடுவில் போட்டாள்.

"இதுதான். என் பிள்ளையக் கொண்டுபோனது இதுதான். குளிச்சிட்டுத் தூக்குங்கன்னு சொன்னேன். எத்தனை தடவை சொன்னேன். கேட்டாரா? அவனையும் கொண்டுபோய், தானும் போயிட்டாரு."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். உம் ஸபா அவள் தோளைப் பிடித்தாள். "விடு, உம் கைஸ். இறந்தவரைச் சொல்லாத. அவருக்கு என்ன தெரியும் பாவம்? தூசின்னு யாருக்குத் தெரியும்?"

"நீ நம்பல." பத்ரியா கையை உதறினாள். "இவளக் கேளு. இவ படிச்சவ. கருவி வெச்சுப் பாத்தா. என் எதிர்ல பாத்தா. நாளைக்குச் சொல்றேன்னா, சொல்லவே இல்ல. அப்பன் உயிரோட இருக்காருன்னு சொல்லல. இப்பச் சொல்லு ரபாப். எல்லாரும் கேக்கட்டும். இதுல இருந்துச்சா, இல்லையா?"

நாற்பது பெண்கள் அவளைப் பார்த்தார்கள். கோட்டு தரையில் கிடந்தது. ஒரு கை விரிந்து, ஒரு கை மடங்கி. நிமிடத்துக்கு ஐம்பது. வெறும் காற்று.

"இருந்துச்சு, யும்மா" என்றாள் ரபாப்.

"எவ்வளவு?"

அம்மா அதையும் கேட்பாள் என்று அவள் நினைக்கவில்லை.

"நாப்பதாயிரம்."

பத்ரியா தலையாட்டினாள். உட்கார்ந்தாள். பிறகுதான் அழுதாள். மூன்று நாளில் முதல் முறையாக.

நவம்பரில் டர்னிப் சந்தைக்கு வந்தது. பத்ரியா புதுப் பானை வாங்கினாள். செங்கல் வைத்தாள். பத்து நாளில் காடி சேறாகிவிட்டது, கொட்டினாள். ரபாப் மோசுல் போன ஒரு லாரிக்காரரிடம் சொல்லி ஆற்றுக் கல் ஒன்று வரவழைத்துக் கொடுத்தாள். வெள்ளையான, உருண்டையான கல். பத்ரியா அதைக் கையில் தூக்கிப் பார்த்தாள்.

"இதுல அந்தக் கனம் இல்ல. அவர் கொண்டாந்தது மாதிரி வராது." கல்லைக் கீழே வைத்தாள். "ஆபீஸ்ல இன்னும் வேலை முடியலையா? அவர் ஞாபகமா இந்த வீட்டுல நல்லதுன்னு இருக்கறது அது ஒண்ணுதான். திருப்பிக் கொண்டா."

"கொண்டாறேன், யும்மா."

அவள் பையில் அம்மாவின் ரத்தப் பரிசோதனைச் சீட்டு இருந்தது. அன்று காலைதான் வாங்கினாள். கிரியாட்டினின் 2.3. பத்ரியா சேலைபோல் இழுத்துக் கட்டியிருந்த கருப்புப் போர்வையின் கீழே கால்விரல்கள் தெரிந்தன. செருப்பின் வார் பதிந்த இடம் பள்ளமாக இருந்தது. எழும்பி வரவில்லை.